பதினொரு மணி அந்தி

நான் வேலை செய்யும் இடத்தில் காலை பதினொரு மணிக்கு அந்தி படும். வெளியே லண்டன் தன்பாட்டில் மழையில் நனைந்துகொண்டிருக்கும். பஸ்கள் ஓடும், கந்தோர்க்காரர்கள் கோப்பி வாங்க வரிசையில் நிற்பார்கள். நிலத்துக்குக் கீழே, யன்னலே இல்லாத எங்கள் அறையில் மட்டும் விளக்குகள் மெல்ல மெல்ல மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, பிறகு கருநீலமாக அணைந்துபோகும். அது நுளம்பு, அதாவது கொசு, வளர்க்கும் அறை. அந்தியில் நுளம்பு என்ன செய்கிறது என்று பார்க்க விரும்பும் ஆராய்ச்சிக்காரர்களும் மனிதர்கள்தானே, இரவில் வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டாமா? அதனால் நுளம்புக்குப் பொழுதை மாற்றிவிட்டார்கள். பாவம், அதுகளுக்கு நாங்கள் சொன்னதுதான் பகல், நாங்கள் சொன்னதுதான் இரவு. என் வீடு இருக்கும் குட்மேய்ஸிலிருந்து இரண்டு ரெயில் மாறி, கை விறைத்துப்போய் வந்து, அந்தக் கதவைத் திறந்தால் மழைக்கு முந்திய எங்கள் ஊர் மன்னார்ப் புழுக்கம் முகத்தில் அடிக்கும். கோட்டைக் கழற்றி, அதற்குள் இருக்கும் கம்பளிச் சட்டையையும் கழற்றிவிட்டு, நீல மேலங்கியோடு நின்றால் எந்த ஊரில் எந்த மாதத்தில் நிற்கிறேன் என்பது கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோகும். அந்த அந்திகளில் ஒன்றில்தான் மானா முதன்முதலாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

மானா என்பது அவருடைய பெயர் அல்ல. மொசாம்பிக்கில், பெரிய ஆறு ஒன்று கடலில் விழும் ஒரு பட்டினத்திலிருந்து நுளம்பைப் பற்றி ஆராய வந்த டொக்டர் அவர். முதல் நாள் நான் 'டொக்டர், டொக்டர்' என்று பவ்வியமாகக் கூப்பிட, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கள் நாட்டில் பெண்கள் ஒருவரை ஒருவர் 'மானா' என்றுதான் கூப்பிடுவார்கள், சகோதரி என்று அர்த்தம், அதுவே போதும் என்றார். உங்களுடைய பாஷையில் என்ன என்று கேட்டார். நீங்கள் மூத்தவர், ஆகையால் நான் உங்களுக்குத் தங்கச்சி என்றேன். அன்றிலிருந்து 'தங்காச்சீ' என்று நீட்டி இழுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடத் தொடங்கினார். மெதுவாகப் பேசவே தெரியாத மனுசி. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆங்கிலம்தான். இரண்டு பேருக்கும் கடன் வாங்கிய ஆங்கிலம். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது அவர் என்னோடு மன்னார்த் தமிழில் பேசியதாகத்தான் காதில் விழுகிறது. அதனால் அப்படியே எழுதிவிடுகிறேன், குறை நினைக்கவேண்டாம்.

நுளம்பு அறை வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெள்ளைத் தட்டுகளில் தண்ணீருக்குள் நெளியும் புழுக்களுக்கு மீன் தீனியைப் பொடித்துத் தூவவேண்டும். கூட்டுப்புழுவானதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து வலைக்கூட்டுக்குள் வைக்கவேண்டும். சீனித்தண்ணீர் நனைத்த பஞ்சை மாற்றவேண்டும். அந்தி படும்போது ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கவேண்டும், ஏனென்றால் எங்கள் அசைவும் மூச்சும் அதுகளைக் குழப்பும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் நாங்கள் சிநேகிதமானோம். ஒருநாள் தன் ஊரிலிருந்து வந்த வறுத்த கொட்டையைப் பொதியோடு சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து, இது எங்கள் ஊர்ச் சாமான், 'கஜு' என்றார். எங்கள் வீட்டிலும் கஜுதானே என்றேன். பிறகென்ன, ஒரு சின்னப் பிள்ளை விளையாட்டு தொடங்கியது. அவர் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார், நான் சொல்லுவேன். மேசை. கதிரை. அலமாரி. என் காலைக் காட்டினார், சப்பாத்து. சாண்ட்விச்சின் ரொட்டியைத் தொட்டார், பாண் என்றதும் எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தேவிட்டார். எல்லாம் அவர் பேசும் போர்த்துக்கேய மொழிச் சொற்கள். நான் பிறந்த நாளிலிருந்து வாயில் வைத்திருந்த சொற்கள், என் குசினியில் கிடந்த சொற்கள், அந்த மனுசியினுடையதும்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஏதோ தூரத்துச் சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்தது. மாங்காயையும் வெற்றிலையையும் எங்களிடமிருந்து எடுத்துத் தங்கள் மொழியில் போட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தானாம். அப்படியென்றால் கணக்குச் சரி என்று சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் அந்தச் சொற்கள் எங்களிடம் எப்படி வந்தன என்பது இருவருக்கும் தெரியும். மன்னார்க் கோட்டையின் மதிலில் ஏறி விளையாடியவள் நான். அதை யார் எதற்குக் கட்டினார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதைக் கட்டிய போர்த்துக்கேயரின் கப்பல்களில் வந்த பாதிரிமார் தந்த வேதத்தைத்தான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இல்ஃபோர்ட் கோயிலில் முழங்காலில் நின்று சொல்கிறேன். மானாவின் தகப்பன் பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழியைப் பேசியதற்காக உள்ளங்கையில் அடி வாங்கியவராம். பிறகு நாடு விடுதலை அடைந்தபோது, பத்துப் பதினைந்து மொழிக்காரர் ஒருவரோடு ஒருவர் பேச அந்த அடித்தவர்களின் மொழிதான் கையில் இருந்தது. அதைப்பற்றிக் கோபம் இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "அடிச்ச கம்பைப் பறிச்சு இப்ப நாங்கள் ஊண்டிக்கொண்டு நடக்கிறம், தங்கச்சி. எறியச் சொல்லுறியோ?" என்றார்.

ஒரு சனிக்கிழமை சேலை பார்க்க அவரைச் சவுத்தாலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு சின்னக் கடையில், கல்லாவில் ஒரு கோவாக்காரர் இருந்தார். நல்ல வயது. முகத்தைப் பார்த்தால் அந்தாளும் நானும்தான் சொந்தம். என் சின்னையாவின் மூக்கு அப்படியே அந்தாளிடம் இருந்தது. ஆனால் எங்களுக்குள் பேச நாலு ஆங்கிலச் சொல்லைத் தவிர ஒன்றுமில்லை. மானா போர்த்துக்கேயத்தில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாரோ இல்லையோ, அந்தாள் கதிரையை விட்டு எழுந்து, கடைப் பையனைத் தேநீருக்கு அனுப்பி, அரை மணித்தியாலம் நின்ற நிலையில் அவரோடு கதைத்தார். கண் கலங்கிப் போனார் மனுசன். நான் மூன்றாம் ஆளாக ஒரு ஓரத்தில் சேலை மடித்துக்கொண்டு நின்றேன், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அந்தப் பொறாமை வேலையிடத்திலும் உண்டு. மானாவின் போன் ஓயாது. லிஸ்பனிலிருந்து ஒருவர் நுளம்பின் சிறகைப் பற்றிக் கேட்பார், லுவாண்டாவிலிருந்து ஒரு தாதி காய்ச்சல் மருந்தைப் பற்றிக் கேட்பார், பிரேசிலின் காட்டு ஆற்றங்கரையிலிருந்து ஒருவர் வலை எங்கே வாங்கலாம் என்று கேட்பார். உலக வரைபடத்தில் எங்கெங்கோ கிடக்கும் ஊர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மொழி. என் தமிழும் லேசுப்பட்டதில்லை; ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி என்று அதுவும் கடல் தாண்டியதுதான். ஆனால் எனக்கு வரும் போன் எல்லாம் கலியாணம், செத்தவீடு, விசா. நுளம்பைப் பற்றித் தமிழில் ஒருவரும் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. இதைச் சொல்லி முகத்தைத் தூக்கி வைத்திருந்தபோது, கேட்கிற வரைக்கும் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாய், நீயே சொல்லத் தொடங்கேன் என்று என்னை நக்கலடித்தார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மானாவின் ஆராய்ச்சி சின்னக் கேள்வி ஒன்றிலிருந்து தொடங்கியது. அவருடைய ஊரில் வீட்டுக்கு வீடு நுளம்பு வலை கொடுத்தாயிற்று. பிள்ளைகளும் வலைக்குள்தான் படுக்கிறார்கள். பிறகும் மலேரியாக் காய்ச்சல் ஏன் குறையவில்லை? அந்த ஊர்ப் பெண்களே மழைக்காலம் முழுக்க, வீட்டுக்கு வெளியே அடுப்பு எரிக்கும் இடத்தில் பொறி கட்டித் தொங்கவிட்டு, மணிக்கொருதரம் அதைக் கழற்றி, விழுந்ததை எடுத்து வைத்தார்கள். அதே ஊர் நுளம்பின் வம்சத்தை லண்டனுக்குக் கொண்டுவந்து எங்கள் அறையிலும் பார்த்தோம். விடை மிக எளிமையானது. அந்த நுளம்பு நடுச்சாமத்துக்குக் காத்திருப்பதில்லை. வெளியில் சமையல் நடக்கும் அந்தி நேரத்திலேயே, வலைக்குள் யாரும் போக முதலே, வந்து கடித்துவிட்டுப் போய்விடுகிறது. பொறி கட்டிய பெண்கள் அவரிடம் கூலி கேட்கவில்லை. முன்னாலும் பலர் வந்தார்களாம், இரத்தம் எடுத்தார்களாம், நுளம்பு பிடித்தார்களாம், போனவர்கள் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லையாம். ஆகவே முடிவு என்னவென்றாலும் முதலில் தங்களுக்குச் சொல்லவேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். மானா வாக்குக் கொடுத்துவிட்டார். கிராமத்துச் சுகாதார நிலையத் தாதிகளுக்குப் போர்த்துக்கேயத்தில் சொன்னால், அவர்கள் அந்தந்த ஊர் மொழியில் வீட்டுக்கு வீடு சொல்லுவார்கள். அங்கே செய்தி போகும் வழி அதுதான்.

எங்கள் பேராசிரியர் கெட்ட மனுசன் இல்லை. கதவைத் திறந்து பிடித்து எல்லோரையும் முதலில் போகவிடுகிற ஆள். ஆனால் அவருக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது: ஆங்கிலச் சஞ்சிகையில் கட்டுரை வரும்வரை முடிவை வெளியில் மூச்சு விடக்கூடாது. மானாவும் அதற்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வந்திருந்தார். கட்டுரையோ அவரிடமும் இவரிடமும் போய்த் திருத்தி வரவே அடுத்த வருடம் ஆகிவிடும் போலிருந்தது. இங்கே குளிர் தொடங்கும்போது அங்கே மழை தொடங்கும். மழை வந்தால் காய்ச்சல் வரும். போர்த்துக்கேயத்தில் இப்போதே சொல்லவிடுங்கள் என்று மானா கேட்டதற்கு, அந்த மொழியில் யார் இதை வாசிக்கப்போகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றாராம் பேராசிரியர். அதே மாதத்தில்தான் மானாவின் வேலையை நீடிப்பதா என்பதும் முடிவாக இருந்தது. நீடித்தால் தாயிடம் விட்டுவந்த மகளை லண்டனுக்குக் கூப்பிடலாம். பிள்ளைக்கு இல்ஃபோர்ட் பக்கம் பள்ளிக்கூடம்கூட நானும் அவருமாகப் போய்ப் பார்த்து வைத்திருந்தோம்.

மானா அந்த நாட்களில் தட்டுகளைக் கழுவுவார், துடைப்பார், திரும்பக் கழுவுவார். ஒருநாள் விளக்கு மஞ்சளாகும் நேரத்தில் என் பக்கம் திரும்பி, "மழை அந்தக் கட்டுரையைப் பாத்துக்கொண்டு நிக்காது, தங்கச்சி. நான் சொல்லப்போறன்" என்றார். எங்கே வைத்துச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். இங்கேதான், இந்த அந்தியில்தான், கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்றார். அறை என் பொறுப்பில் இருந்தது. வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது, உமக்கேன் இந்த ஊர்வம்பு, வேலை போனால் வீட்டுக் கடனை ஆர் கட்டுறது என்று ஒரு பாட்டம் பேசினார். பேசிவிட்டு, அந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள் என்று அவரே கேட்டார். நானும் இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, காலையில் எழும்பி மானாவுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த முற்பகலை இப்போதும் கனவில் கண்டதுபோலத்தான் நினைவு வைத்திருக்கிறேன். புழுத் தட்டுகளை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தார். இரண்டு மூன்று சுகாதார நிலையத் தாதிகளுக்கு மட்டும்தான் அழைப்பு அனுப்பியிருந்தார். ஆனால் எங்கள் ஆட்களைப் போலத்தான் அவர்களும். வட்ஸ்அப்பில் ஒன்று வந்தால் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் நித்திரை வராது. திரையில் சதுரம் சதுரமாக முகங்கள் நிறையத் தொடங்கின. மொசாம்பிக்கில் மதியச் சாப்பாட்டுக் கோப்பையோடு தாதிகள், அங்கோலாவில் ஒரு வைத்தியசாலை விறாந்தை, எங்கோ ஒரு தீவில் சேவல் கூவும் முற்றம், பிரேசிலில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்த ஒரு மரவீடு. ஒருவரின் உச்சரிப்பைக் கேட்டு மற்றவர் சிரித்தார்கள். மானா சிரிக்கவில்லை. குசினியில் நின்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லுவதுபோல நிதானமாக, தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனார். விளக்கு செம்மஞ்சளாகி மங்கியது. வலைக்கூட்டின் சுவரில் அசையாமல் ஒட்டியிருந்த நுளம்புகள் ஒன்றொன்றாகக் கிளம்பின. மானா போனைக் கூட்டின் அருகே பிடித்தார். அத்தனை ஊர்களும் வாயை மூடிக்கொண்டு, லண்டனில் ஒரு நிலவறையில் பொழுதுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. நுளம்பின் ரீங்காரம் மட்டும் கேட்டது.

எனக்கு அப்போது போர்த்துக்கேயம் தெரியாது. ஆனாலும் இருட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது, யன்னல், கதிரை, குசினி என்று தெரிந்த சொற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தன. யன்னலைச் சாத்து, கதிரையை உள்ளே போடு, பிள்ளையை அடுப்படியிலிருந்து உள்ளே கூப்பிடு என்றுதான் அந்த மனுசி சொல்லியிருக்கவேண்டும். சாதாரணமான விடயங்கள். எங்கள் அம்மாவும் பொழுதுபடும்போது அதையேதான் சொல்லுவார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மேலங்கிக் கையால் துடைத்துக்கொண்டேன். கடைசியில் பிரேசில் மரவீட்டுப் பெண் ஒருவர், எங்கள் நுளம்பு வேறு சாதி, நாங்கள் என்ன செய்வது என்று கேட்டாராம். நான் சொன்னதை நம்பவேண்டாம், நீங்களே பொறி கட்டி மணிக்கொருதரம் பாருங்கள், உங்கள் நுளம்பு உங்களுக்குச் சொல்லும் என்று மானா சொன்னதாக எனக்குப் பிறகு விளங்கப்படுத்தினார்.

விடயம் பேராசிரியருக்கு எப்படிப் போனது என்று நினைக்கிறீர்கள்? ஒருவரும் கோள் சொல்லவில்லை. லிஸ்பனிலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி, யாரோ பதிவுசெய்து அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அருமையான வேலை செய்திருக்கிறீர்கள் என்று அவரைப் பாராட்டி எழுதிவிட்டார்! மானா எதையும் மறுக்கவில்லை. அறை என் பொறுப்பு என்று நானும் போய்ச் சொன்னேன். என்னை ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். மானாவுக்கு வேலை நீடிக்கவில்லை. ஆங்கிலக் கட்டுரை பிறகு வரத்தான் செய்தது, நடுவில் எங்கோ அவருடைய பெயரும் இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை என்பதுதான் உண்மை. போகும் நாளில், இதைச் செய்ததில் உங்களுக்கு மனவருத்தம் இல்லையா என்று கேட்டேன். அவர் வழக்கம்போல வீரவசனம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்குத் தெரியாது, தங்கச்சி. என்ரை மகளை இங்க கொண்டுவர ஏலாமல் போச்சு, அது தெரியும். மற்றது எப்பிடித் தெரியும்? காய்ச்சல் வந்த பிள்ளையை ஆசுப்பத்திரியில எண்ணுவினம். வராத பிள்ளையை ஆர் எண்ணுறது?" என்றார். ஹீத்ரோவிலிருந்து திரும்பி வரும்போது ரெயில் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் வந்தேன்.

பத்து வருடம் இருக்கும். இப்போது எலிசபெத் லைன் வந்துவிட்டது, குட்மேய்ஸில் ஏறினால் மாறாமல் வந்து இறங்கலாம். நான் அதே அறையில்தான் இருக்கிறேன், முழங்கால்தான் முந்தியதுபோல இல்லை. மானா தன் ஊர் வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் இருக்கிறார். நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் பேசிக்கொள்வோம். போன மாதம் பிரேசிலிலிருந்து புதிதாக ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். மெலிந்த பிள்ளை, குளிருக்குப் பயந்து மூன்று சட்டை போட்டிருந்தாள். வழக்கமாக எல்லோருக்கும் ஒப்புவிக்கும் பாடத்தை அவளுக்கும் ஒப்புவித்துக்கொண்டு நின்றேன். பதினொரு மணிக்கு விளக்கு மஞ்சளாகத் தொடங்கியது. பிள்ளை நான் சொல்வதைக் கேட்கவில்லை. கூட்டைப் பார்த்தபடி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

இந்த அறையில் ஆபிரிக்கப் பெண் ஒருவர் இருந்தாரா என்று கேட்டாள். அவளுடைய தாய் ஆற்றங்கரை ஊரொன்றில் சுகாதாரப் பணியாளராம். ஒரு காலையில், பள்ளிக்கூடப் படகு வர முதல், தாயின் தோளுக்குப் பின்னால் நின்று போனில் ஒரு அறை இருட்டாவதைப் பார்த்தாளாம். அன்று மாலையே தாய் வீட்டில் பொறி கட்டினாராம். மணிக்கொருதரம் கழற்றிப் பார்த்து எழுதிவைக்கும் வேலை மூத்தவளான இவளுடையது. அவர்களுடைய நுளம்பும் அந்தியில்தான் வந்தது. அன்றிலிருந்து அந்த நேரத்தில் வீட்டில் ஒரு பிள்ளையும் வெளியே நிற்பதில்லை, பிறகு அந்த ஆற்றங்கரையில் ஒரு வீட்டிலும் நிற்பதில்லை. "அவருக்குப் பின்னால இருட்டில ஒரு ஆள் நிண்டு கண்ணைத் துடைச்சுக்கொண்டிருந்தா. அது நீங்களோ?" என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து, ஓம் என்றேன்.

அங்கேயே, அந்த இருட்டிலேயே, மானாவுக்குப் போன் எடுத்தேன். 'தங்காச்சீ' என்று அறை அதிர்ந்தது. ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தேன். அவள் தன் மொழியில் படபடவென்று கொட்டினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. அவள் சொல்லி முடித்தபோது, மெதுவாகப் பேசத் தெரியாத மானாவின் குரல் வந்தது, மிகச் சின்னதாக. வீட்டில் நீங்கள் எத்தனை பிள்ளைகள், அவர்களுடைய பெயர் என்ன என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தளவு போர்த்துக்கேயம் எனக்கும் ஒட்டியிருந்தது. பிள்ளை தன் பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொரு பெயரையும் மானா அவளுக்குப் பின்னால் திருப்பிச் சொன்னார். கடைசிப் பெயருக்கு வந்தபோது, அவன்தான் எங்கள் சின்னவன், அப்போது நடக்கவும் தெரியாது, இப்போது எனக்குத் தோள் அளவுக்கு வந்துவிட்டான் என்றாள். மானா அந்தப் பெயரையும் சொன்னார். சொல்லிவிட்டு, பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் யார் யார் என்று கேட்டார்.